மக்லஸ்கி வீட்டுக் கதவில் தொங்கிய அட்டை

"என் வீட்டைப் பாக்க நானே டிக்கெட் எடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

அந்த மியூசியத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நெட்டா மக்லஸ்கி சொல்லும் பதில் இதுதான். அவள் கேட்டதில் என்ன தப்பு? கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கம், கரி படிந்து கறுத்துப்போன அந்த நாலு மாடிக் கல் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குத்தான் அவள் கல்யாணமாகி வந்தாள். ஒரு அறை, ஒரு சமையலறை. சமையலறைச் சுவருக்குள்ளேயே கட்டில். கக்கூஸ் பாதிப்படியில், மூன்று வீட்டுக்கும் பொது. அங்கேதான் ஒரே மகள் மொரீனைப் பெற்று வளர்த்தாள். புருஷன் ஹியூயியின் சவப்பெட்டி அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கியது. கடைசியில் வீட்டுச் சொந்தக்காரன் கட்டடத்தைக் கைகழுவியபோது ஏதோ அறக்கட்டளை ஆட்கள் வந்தார்கள். கரியடுப்பையும், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் துணிக்கொடியையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "எதையும் எடுத்துட்டுப் போகாதீங்கம்மா, அப்படியே விட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினார்கள்.

"ஊரெல்லாம் தூக்கிப் போடறதை இவங்க பூட்டி வெப்பாங்களாம். புத்தி பெசகிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே நெட்டா டீ கெட்டிலையும் ஹியூயியின் போட்டோவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நகரசபை கொடுத்த புது உயரக் கட்டடத்துக்குக் குடிபோனாள். கதவில் 'மக்லஸ்கி' என்று பித்தளைத் தகட்டில் இருந்த பேர்கூட அங்கேயே நின்றுவிட்டது.

இது நெட்டாவின் கதை இல்லை. மகள் மொரீனின் கதை. ஆனால் அம்மாவைச் சொல்லாமல் மகளைச் சொல்ல முடியாது, அதுதான் அவளுடைய வில்லங்கமே.

மொரீனுக்கு அந்த வீடு சின்ன வயதிலிருந்தே வெட்கம். பரீட்சை எழுதி நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் வெட்கம் இரட்டிப்பானது. கூடப் படித்த பெண்கள் சாயங்காலம் சேர்ந்து நடந்து வருவார்கள். இவள் அடுத்த தெருவில், வாசல் சுவரெல்லாம் பச்சை ஓடு பதித்த ஒரு பணக்காரக் கட்டடத்தின் முன்னால் நின்று, "சரி, எங்க வீடு வந்துடுச்சு" என்று கையசைப்பாள். அவர்கள் மூலை திரும்பும்வரை யார் வீட்டு வாசலிலோ ஒளிந்து நின்றுவிட்டு அப்புறம் தன் வீட்டுக்கு ஓடுவாள். ஒரு நாள் அந்த வீட்டுக்காரி, "யாரம்மா நீ, எங்க வாசல்ல தினமும் நிக்கிறே?" என்று கேட்டே விட்டாள். மானம் போயிற்று. அடுத்த நாளிலிருந்து வேறொரு வாசல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பிறகு கார்டன் கார்மைக்கல் என்று இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வீடு தோட்டம் வைத்த புறநகருக்குப் போனாள். பேச்சு மாறியது. எங்கள் ஊர்ப் பேச்சு நுனிநாக்கில் நிற்காது, தொண்டையிலிருந்து வரும். மொரீன் ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்து வெளியே எடுத்தாள். நெட்டா பார்க்கப் போனால் சோபா நுனியில் உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். மகளும் இருந்துவிட்டுப் போம்மா என்று சொன்னதில்லை.

கார்டன் ஒரு நாள் ஆபீஸ்காரி ஒருத்தியோடு போய்விட்டான். தோட்டத்து வீடும் போயிற்று. ஐம்பதை நெருங்கும் வயதில் மொரீனுக்கு வேலை தேட வேண்டி வந்தது. பேப்பரில் விளம்பரம் பார்த்தாள்: பழைய குடியிருப்பு மியூசியத்துக்கு வழிகாட்டி தேவை. முகவரி அம்மா வீட்டு முகவரி. பேப்பரை மடித்து வைத்தாள். வேறு வேலையும் கிடைக்கவில்லை, போனாள்.

மேனேஜர் கெலம், சின்ன வயசுக்காரன், நல்லவன். "இந்த மாதிரி வீட்டு வாழ்க்கையோட உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்டான். பக்கத்தில் அறக்கட்டளை அம்மாள் ஒருத்தி, முத்து மாலையும் இரக்கமுகமுமாக உட்கார்ந்து, "பாவம், எப்படித்தான் இங்க வாழ்ந்தாங்களோ அந்த ஜனங்க" என்று பெருமூச்சு விட்டாள்.

அடடா, அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பிறந்த வீடு இது என்று சொல்லியிருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள். மொரீனுக்கு அது தெரியாமலா? ஆனால் அந்த 'பாவம்' என்கிற வார்த்தை தன் மேல் வந்து விழுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"தொடர்புன்னு எதுவும் இல்லை. நிறையப் படிச்சிருக்கேன்" என்றாள். வேலை கிடைத்தது.

அம்மாவிடம் வேறு பொய். பூங்காப் பக்கத்தில் இருக்கும் பெரிய மியூசியத்தில் வேலை என்று சொல்லி வைத்தாள். நெட்டா தன் கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம், "எங்க மொரீன் பெரிய பெரிய படங்களுக்கு நடுவுல வேலை பாக்குறா" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மொரீன் பேச்சை மாற்றுவாள். சரி, அம்மாதான் அந்தப் பக்கமே வரமாட்டாளே என்று தேற்றிக்கொள்வாள்.

இப்போது அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடங்களில் மாடிக்கு மூன்று கதவு. மாடிப்படியை வாரம் ஒரு வீட்டார் கழுவ வேண்டும். முறை யாருடையதோ அவர்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கும்: 'இந்த வாரம் படி கழுவும் முறை உங்களுடையது.' கழுவி முடித்து, ஓரத்தில் வெள்ளைக் களிமண் கட்டியால் சுருள் சுருளாக இழுத்துவிட்ட பிறகுதான் அட்டையைக் கழற்றி அடுத்த கதவில் மாட்டலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி தாண்டியும் ஒரு கதவில் அட்டை தொங்கினால் அந்த வீட்டுக்காரி தெருவில் தலைகாட்ட முடியாது. குடிகாரன் வீடு என்றால் ஜனங்கள் மன்னிப்பார்கள். படி கழுவாத வீடு என்றால் மன்னிக்கவே மாட்டார்கள்.

கெலம் எங்கோ பழைய சாமான் கடையில் அப்படியொரு அட்டையைப் பிடித்து வந்து, பார்க்க அழகாக இருக்கிறதென்று மக்லஸ்கி கதவிலேயே மாட்டிவிட்டான். அவன் ஊர் வேறு, அவனுக்கு என்ன தெரியும்? மொரீனுக்குத் தெரியும். மாட்டின அன்றைக்கே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதுகூடப் போகட்டும். ஒரு மழைநாளில் ஈரக்குடையோடு உம்மென்று நின்ற ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைக்க வழி தெரியாமல், அந்தக் கதவின் முன்னால் மொரீன் சொன்னாள்: "இந்த அட்டை இங்க தொங்க ஆரம்பிச்சு வருஷக்கணக்காகுது. திருமதி மக்லஸ்கிக்கு இன்னும் படி கழுவ மனசு வரலை போலிருக்கு. உள்ளே தூங்குறாங்களா, பாப்போம் வாங்க!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்று ராத்திரி மொரீனுக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியமாக இறங்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்த கூட்டத்துக்கும். யாரும் எழுதிக் கொடுக்காத, அவளே சேர்த்த கிண்டல் அது. நாளாக ஆக நாக்குக்குப் பழகிவிட்டது.

யாரைச் சொன்னாள்? நகரசபை மாளிகையின் பளிங்குப் படிகளை விடியுமுன்னே முழங்காலிட்டுத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் படியையும் கழுவினவளைச் சொன்னாள். மேல்மாடியில் கைவீங்கிக் கிடந்த டானஹில் கிழவியின் முறையையும் சத்தமில்லாமல் தானே செய்து, கிழவி செய்தது போல அட்டையை மாட்டிவிட்டு வந்தவளைச் சொன்னாள். அந்தக் கதவில் வெள்ளிக்கிழமை தாண்டி அட்டை தொங்கினதே இல்லை.

செப்டம்பரில் எங்கள் ஊரில் கதவு திறக்கும் நாள் ஒன்று வரும். வருஷமெல்லாம் பூட்டிக்கிடக்கும் பழைய மாளிகை, சர்ச், வங்கி எல்லாம் அன்றைக்குத் திறந்துவிடுவார்கள். மியூசியங்களில் டிக்கெட் இல்லை. வருஷமெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காத கட்டடங்களின் முன்னால் ஜனங்கள் மழையில் வரிசை கட்டி நிற்பார்கள். ஓசி என்றால் எங்களுக்கு மழை உறைக்காது.

அந்த வருஷம் நெட்டா நல்ல கோட்டும், தலையில் பட்டுத்துணியுமாகக் கிளம்பினாள். முதலில் நகரசபை மாளிகைக்குப் போனாள். அத்தனை வருஷம் பின்வாசல் வழியாக நுழைந்தவள், முன்வாசல் வழியாக ஏறி, பளிங்குப் படியில் நல்ல செருப்போடு மெதுவாக இறங்கினாள். "பரவாயில்ல, துடைக்கிறாங்க, ஆனா மூலையை விட்டுடறாங்க" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மனசு நிறைந்திருந்தது. டிக்கெட் இல்லாத நாளாச்சே, நம்ம வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடலாமே என்று தோன்றியது. பஸ் ஏறிவிட்டாள்.

அவள் படியேறிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு கூட்டம் அவள் வீட்டுக் கதவின் முன்னால் நின்றது. வழிகாட்டிப் பெண்ணின் குரல் கேட்டது. இஸ்திரி போட்ட குரல். ஆனாலும் தாய்க்குப் பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? நெட்டா பாதிப்படியில் நின்றுவிட்டாள்.

"திருமதி மக்லஸ்கிக்கு இன்னும் படி கழுவ மனசு வரலை போலிருக்கு. உள்ளே தூங்குறாங்களா, பாப்போம் வாங்க!"

கூட்டம் சிரித்தது. கதவு திறந்தது. எல்லாரும் உள்ளே போனார்கள்.

நெட்டா மெதுவாக ஏறி வந்து கதவைப் பார்த்தாள். மேலே அவள் பேர். கீழே அட்டை. படியைப் பார்த்தாள். ஊரெல்லாம் ஏறி இறங்கின சேறு.

பழைய கக்கூஸ் இப்போது துடைப்பம் வைக்கும் அறையாகியிருந்தது. உள்ளே குழாய் இருந்தது, வாளி இருந்தது, பிரஷ் இருந்தது, ஆணியில் யாருடையதோ வேலை அங்கி தொங்கியது. அவள் நல்ல கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து வைத்தாள். அங்கியை மாட்டிக்கொண்டாள். முழங்காலில் உட்கார்ந்தாள்.

எழுபதைத் தாண்டின முழங்கால். வேறு எந்த ஊர்க்காரியாவது இதைச் செய்வாளா என்று என்னைக் கேட்டால், மாட்டாள். அது மியூசியம், அது காட்சிக்கு வைத்த அட்டை, இதெல்லாம் நெட்டாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தன் பேருக்குக் கீழே அது தொங்குவதை எங்கள் ஊரில் வளர்ந்த ஒருத்தியால் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாது, அவ்வளவுதான்.

மொரீன் கூட்டத்தோடு வெளியே வந்தபோது படியெல்லாம் ஈரம். கீழே ஒரு பெண் முதுகு காட்டி, முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கட்டின துணி, தேய்க்கிற கை, தோள் அசைகிற விதம். மொரீனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

நெட்டா திரும்பிப் பார்த்தாள். மகளும் அம்மாவும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, எவ்வளவு தத்ரூபம்!" என்றாள் கழுத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒரு அம்மாள். "நடிகையா இவங்க? இன்னிக்காக ஏற்பாடு பண்ணினதா?"

எல்லாரும் மொரீனைப் பார்த்தார்கள். இல்லைங்க, எங்கம்மா என்று சொல்ல வாய் திறந்தாள். அம்மாவைச் சோம்பேறி என்று சொல்லி இவர்களைச் சிரிக்க வைத்து அரைமணிகூட ஆகவில்லை. இப்போது அதைச் சொன்னால் இவர்கள் தன்னை என்னவென்று நினைப்பார்கள்?

"ஆமாங்க" என்றாள். "இன்னிக்காக ஏற்பாடு பண்ணினது."

பிரஷ் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

"ஆமாமா" என்றாள் நெட்டா, தலையைத் தூக்காமல். "இன்னிக்கு ஒரு நாளைக்கு என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஏங்க, மஞ்சக் கோட்டுக்காரரே, அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க. ஆத்தைக் கடந்து வந்தீங்களா, இல்ல ஆத்தையே கூட்டிட்டு வந்தீங்களா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மஞ்சள் மழைக்கோட்டுக்காரர் காமிராவை எடுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். சத்தம் கேட்டு கெலமும் எதிர்க்கதவு ஆபீஸிலிருந்து வெளியே வந்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மொரீன், இது உங்க யோசனையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! பிரமாதம்!"

"சும்மா... தோணிச்சு" என்றாள் மொரீன். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று தன்னாலே வந்து நிற்கிறது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்று பச்சைத் துண்டுக்காரி குனிந்தாள். அவளுக்கு விளையாட்டில் சேர ஆசை. "அந்த மக்லஸ்கி அம்மா ஏன் கழுவவே இல்ல?"

"சோம்பேறியாம். இதோ இந்த அம்மா சொன்னாங்களே, நீங்க கேக்கலையா?" நெட்டா பிரஷ்ஷால் மொரீனைக் காட்டினாள். "இவங்க படிச்சவங்க. இவங்களுக்குத் தெரியாததா?"

"அவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு இருந்துச்சுன்னு கேள்வி. நல்லாப் படிக்கும். காலை நேரத்துல கஞ்சி குடிக்காம ஓடும், பின்னாலயே ரொட்டியில ஜாம் தடவிக்கிட்டு அம்மாக்காரி படி இறங்கி ஓடுவா." நெட்டா பிரஷ்ஷை வாளியில் முக்கினாள். "அது எங்க போச்சோ, யாருக்குத் தெரியும்."

மொரீன் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே போய்விட வேண்டும் போலிருந்தது, ஆனால் வழியில் அம்மா இருந்தாள். அம்மாவைத் தாண்டிக் கால் வைக்கவா முடியும்?

ஜன்னல் மேடையில் ஒரு வெள்ளைக் களிமண் கட்டி, 'தொடாதீர்கள்' என்ற சீட்டோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நெட்டா அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் படியோரத்தில் சுருள் இழுக்க ஆரம்பித்தாள். கெலம் ஒரு கணம் திடுக்கிட்டான், பிறகு கைதட்டினான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவன் இத்தனை நாள் புத்தகத்தில் பார்த்த சுருள் அது. நடுங்கும் கையிலும் கோடு தவறாமல் வந்தது. படம் எடுக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

கடைசிப் படி முடிந்தது. நெட்டா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு கையைப் படியில் ஊன்றினாள். மறுபடி முயன்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்படியே, அப்படியே இருங்க!" என்று கத்தினார் மஞ்சள் கோட்டுக்காரர். "அந்த வலி, ஆகா, அந்த முகம்! இன்னொரு தரம் செய்யுங்கம்மா!"

"எங்கம்மா அது!"

குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. இஸ்திரி எல்லாம் போய்விட்டது. தொண்டையிலிருந்து, தெருவில் கூச்சலிடும் குழந்தைகள் மாதிரி, எங்கள் ஊர்ப் பேச்சாகவே வந்தது.

"எங்கம்மாய்யா அது! நடிகையும் இல்ல, மண்ணும் இல்ல. இது அவங்க வீடு. நான் பொறந்த வீடு. நகருங்க!"

பச்சைத் துண்டுக்காரி மார்பில் கைவைத்து, "கடவுளே, எனக்குப் புல்லரிச்சுடுச்சு" என்றாள். கைதட்டினாள். பக்கத்திலிருந்தவர் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். கெலம் விசிலே அடித்தான்.

"இல்லைங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன். சத்தியமா எங்கம்மா!"

"பாருங்களேன், கண்ணீரே வந்துடுச்சு!" என்று யாரோ சொன்னார்கள். கைதட்டல் இன்னும் பலத்தது.

மொரீன் ஈரப்படியில் இறங்கிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். நெட்டா அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, அதன் மேல் சாயவும் இல்லை. மறுபக்கத்துக் கம்பியைப் பிடித்துத் தானே எழுந்தாள். கம்பியைப் பிடித்தபடியே ஒவ்வொரு படியாக ஏறி, மக்லஸ்கி கதவிலிருந்து அட்டையைக் கழற்றி, எதிர்க்கதவில், கெலமின் ஆபீஸ் கைப்பிடியில் மாட்டினாள்.

"இனி உங்க பாடு" என்றாள் அவனிடம்.

"அற்புதமா நடிச்சீங்க, அம்மா!" என்று பச்சைத் துண்டுக்காரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நாடகக்காரங்க எல்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும்."

"நான் என்னத்த நடிச்சேன், கண்ணு" என்றாள் நெட்டா. "படி கழுவினேன். நடிச்சதெல்லாம் அவ."

அதற்கும் ஒரு சிரிப்பு. நெட்டா பாதிப்படிக்கு இறங்கி அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் கோட்டைப் போட்டுக்கொண்டாள். கெலம் பின்னாலேயே ஓடினான்.

"அடுத்த வருஷமும் நீங்க கட்டாயம் வரணும். உங்க பேர் சொல்லுங்களேன், நன்றி சொல்லணும்."

"நெட்டா மக்லஸ்கி."

கெலம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "வேஷத்தைக் கலைக்கவே மாட்டேங்கிறீங்களே!"

நெட்டா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அதுவரை அவள் முகத்தில் இருந்த கோபமும் குறும்பும் எங்கோ போய்விட்டன. சொந்த வீட்டு வாசலில் நின்று சொந்தப் பேரைச் சொல்லியும் நம்ப ஆளில்லை. கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

"அவங்க பேர் அதுதான், கெலம்" என்றாள் மொரீன். "கதவுல இருக்கே, அந்தப் பேர். நான் உங்ககிட்ட ஆரம்பத்துலேர்ந்தே பொய் சொன்னேன்." அவன் முகம் மாறுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்போதுதான் இழுத்த வெள்ளைச் சுருள்களை மிதித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

நெட்டா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். மழை தூறியது. மொரீன் மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? மன்னிப்பு என்கிற வார்த்தை அவளுக்கே அற்பமாகப் பட்டது.

"அம்மா, என்னை மன்னிச்சிடும்மா. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அந்த வீட்டை நினைச்சு. இப்ப என்னை நினைச்சா வெக்கமா இருக்கு."

நெட்டா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் மாட்டின மியூசியம்னு சொன்னியே, அது போகட்டும். அம்மாவைத் தெரியாதுன்னு சொன்னே, அதுவும் போகட்டும். உன் பொழப்பு. நான்கூட உனக்காகச் சமாளிச்சேன் பாத்தேல்ல?"

"பாத்தேம்மா."

"அவங்க சிரிச்சதும் எனக்கு ஒண்ணுமில்ல, மொரீன். அவங்களுக்கு என்னைத் தெரியாது. என்னைப் பத்தி யாரோ என்னமோ சொல்றாங்க, சிரிக்கிறாங்க." அவள் முதல்முறையாக மகள் பக்கம் திரும்பினாள். "ஆனா நான் பாதிப்படியில நின்னு கேட்டேனே. கூட்டம் சிரிச்சு முடிஞ்ச பிறகும் ஒரு சிரிப்பு தனியாக் கேட்டுச்சு. அது உன் சிரிப்பு."

ஆமாம், மொரீன் சிரித்தாள். தினமும் சிரித்தாள். ஒவ்வொரு கூட்டத்தோடும் கடைசியாகச் சிரித்து முடிப்பது அவளுடைய வழக்கம்.

பஸ் வந்தது. நெட்டா கம்பியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் தூக்கி வைத்து ஏறினாள். மொரீன் அவளை முழங்கைக்குக் கீழே தாங்கப் போனபோது ஓட்டுநர், "கூட வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். மொரீன் அம்மாவைப் பார்த்தாள். நெட்டா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், மறுபக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. மொரீன் மழையில் நின்றபடி பஸ் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.